நாச்சிமுத்துவின் புறங்கை

அடிபட்ட தொழிலாளி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிட்டால் அது கடுங்காயம் ஆகாது என்கிறது சட்டம். எரிந்த கையைத் தளிர் உறைக்குள் வைத்தால் நாற்பத்தொரு மணி நேரத்தில் புதுத் தசையும் தோலும் வந்துவிடும் என்கிறது மருத்துவம். நடுவில் மிஞ்சுகிற அந்த ஏழு மணி நேரத்தில்தான் நான் பதினோரு வருஷம் உத்தியோகம் பார்த்தேன்.

என் பெயர் வசுமதி. மின் விநியோகத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் நிறுவனத்தில், வெள்ளியம்வலசு பிரிவின் இளநிலைப் பொறியாளர். ஆறு ஊர், முந்நூறு விசைத்தறிக் கூடம், நூற்றுப் பத்து டிரான்ஸ்ஃபார்மர் என் பொறுப்பில். இத்தனைக்கும் சேர்த்துப் பத்தொன்பது லைன்மேன்கள் இருக்கவேண்டும். இருந்தது ஏழு பேர். மீதிப் பன்னிரண்டு பேரின் வேலையையும் இந்த ஏழு பேரின் உடம்புதான் பார்த்தது. உடம்பு கெட்டால் உறை இருக்கிறதே என்று மேலிடத்துக்கு ஒரு தைரியம்.

உறையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது வருவதற்கு முன்னால் கை போன லைன்மேன்கள் இரண்டு பேரை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் சட்டைக் கையை மடித்து ஊக்குக் குத்திக்கொண்டு, வருகிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதுதான் அவர்களுக்கு வேலை. உறை வந்த வருஷம் லைன்மேன்கள் எல்லாரும் நிறுவனத்தின் கிளினிக் வாசலில் தேங்காய் உடைத்தார்கள். நானும் அவர்களோடு நின்று கும்பிட்டேன்.

அதற்கப்புறம்தான் பதிவேட்டு வேலை ஆரம்பித்தது. லைனில் எரிந்தவனை உடனே கிளினிக்குக் கொண்டுபோய் உறைக்குள் கையை விட்டுவிடுவோம். இரண்டு நாளும் அவன் அலுவலகத்தில் இலகு வேலை பார்த்ததாக வருகைப் பதிவு இருக்கும். மூன்றாம் நாள் காலை ஆள் வந்துவிடுவான். பதிவேட்டில் ‘சிறு கொப்புளம், முதலுதவி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். முதலுதவிக் கணக்கை யாரும் மேலே கேட்பதில்லை. என் கையெழுத்தில் இப்படிப் பதினான்கு கொப்புளங்கள் இருக்கின்றன. அதில் இரண்டு, முழங்கைவரை எலும்பு தெரிந்தவை.

உறையால் முடியாத காரியம் ஒன்று இருந்தது. விரலை மடக்கி நீட்டுகிற நரம்பு ஆழத்தில் இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் சூடும் குத்தலும் தெரிவதற்குத் தோலில் இருக்கிற நரம்பு வேண்டும். அது தன் பாட்டுக்கு நிதானமாகத்தான் வளரும். நூறு நாள் ஆகும், சிலருக்குக் கூடவும் ஆகும் என்று கிளினிக் நர்ஸ் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வார். தாளில் எழுதிக் கொடுக்கமாட்டார். எழுதிக் கொடுத்தால் நூறு நாள் இலகு வேலை கொடுக்கவேண்டி வரும், அது நாற்பத்தெட்டு மணி நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது, இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஐப்பசி மழையில் ஒரு கம்பத்தில் ஃபியூஸ் போடும்போது தீப்பிழம்பு அடித்து வலது கை எரிந்துபோயிற்று. நான்தான் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவர் கத்தவில்லை. வண்டி சீட்டில் ரத்தம் படுகிறதே என்று கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் புதுக் கையோடு வந்தார். மயிர் இல்லாமல், வடு இல்லாமல், வெளுப்பாக இருந்தது அந்தக் கை. லைன்மேன்களுக்குக் கொண்டாட்டம். அவரோடு ஒன்பது வருஷமாக ஜோடி சேர்ந்து வேலை பார்த்த பூபதி, அலுவலகப் பேனாவால் அந்தக் கை விரலில் ஒரு மோதிரம் வரைந்து, மாப்பிள்ளைக் கை தயார், அண்ணனுக்குப் பொண்ணு பார்க்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நாச்சிமுத்துவும் சிரித்தார். எல்லாரும் போனபிறகு என் மேசைக்கு வந்து நின்றார்.

“கை இருக்குதுங்க மேடம். ஆனா என்ற கையாட்டம் இல்லீங்க. நூறு நாளைக்குக் கம்பத்து வேலை வேண்டாமுங்க. வேற என்ன வேலைனாலும் பாக்கறனுங்க” என்றார்.

இருக்கிற ஏழு பேரில் ஒருவரை உட்காரவைத்தால் ஆறு பேர் என்றேன். தவிர, எந்தக் காரணத்துக்காக இலகு வேலை என்று எழுதவேண்டி வரும், எழுதினால் எல்லாருக்கும் சிக்கல் என்றேன். அவர் தலையை ஆட்டினார். சரி, இடது கையால் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எதைப் பார்ப்பதைச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் அடுத்த கோப்பை எடுத்தேன்.

மின்சாரத்தை நிறுத்தியபிறகு கம்பியில் கை வைப்பதற்கு முன்னால், அதில் நிஜமாகவே மின்சாரம் இல்லையா என்று பார்க்கவேண்டும். விதிப்படி டெஸ்டரால் பார்த்து, மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற தரைக்கம்பியை மாட்டிவிட்டுத்தான் வேலை செய்யவேண்டும். எங்கள் பிரிவில் ஏழு பேருக்கு இரண்டு தரைக்கம்பி செட். டெஸ்டருக்குப் புது பேட்டரி கேட்டு நான் எழுதிய கடிதம் எட்டு மாதமாக ஏதோ ஒரு மேசையில் இருந்தது. ஆகவே வீட்டு லைன் கம்பங்களில் லைன்மேன்கள் பழைய முறையில்தான் பார்த்தார்கள். காய்ந்த மர ஏணியில் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டு, புறங்கையால் கம்பியை லேசாகத் தொடுவார்கள். உள்ளங்கையால் தொட்டால் மின்சாரம் விரல்களை மடக்கிக் கம்பியையே பிடிக்க வைத்துவிடும். புறங்கையால் தொட்டால் கை விலகும். மின்சாரம் இருந்தால் ஒரு சின்ன விறுவிறுப்பு தெரியும். ‘கை பார்ப்பது’ என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு ஜோடியிலும் கை பார்ப்பவர் ஒருவர், ஏறுபவர் ஒருவர். இவர் பார்த்து முடித்துச் சொன்னால் அவர் மறுபடி சோதிப்பதில்லை. சோதித்தால் பார்த்தவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அந்த அவமரியாதையை எந்த லைன்மேனும் செய்யமாட்டான்.

நாச்சிமுத்துவுக்குக் கை எரிந்த ஐம்பத்தோராம் நாள், கார்த்திகைத் தூறலில், ஒரு தறிக்கூடத்துக்கு எதிரில் இருந்த கம்பத்தில் கம்பி தளர்ந்துவிட்டது. தறி நின்ற கோபத்தில் கூடத்துக்காரர் என்னையும் கூப்பிட்டுத் திட்டினார், இவர்களையும் நேரில் நின்று திட்டினார். தரைக்கம்பி செட் இரண்டும் வேறு ஊர்களில் இருந்தன. டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு நாச்சிமுத்து ஏணியில் ஏறினார். ஒன்றரை மாதமாக ஞாபகமாக இடது கையால் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். அன்றைக்கு ஏணி வழுக்கியது. இடது கை ஏணியைப் பிடித்துக்கொள்ள, வலது கை தானாகப் போய்க் கம்பியைத் தொட்டது. இருபத்தெட்டு வருஷம் போன இடத்துக்குப் போக அந்தக் கைக்கு யார் சொல்லவேண்டும்? அதில் ஒன்றும் தெரியவில்லை. எந்தக் கை தொட்டது என்று நினைத்துப் பார்க்காமலே கீழே இறங்கினார்.

“பாத்தாச்சுங்களாண்ணா?” என்று பூபதி எப்போதும் போலக் கேட்டான்.

“பாத்தாச்சு, ஏறு” என்றார்.

தறிக்கூடத்தின் கூரையில் சூரியத் தகடுகள் இருந்தன, கூடவே பேட்டரியும். ஊர் லைன் நிற்கும்போது அதிலிருந்து மின்சாரம் வெளியே வராமல் தடுக்கிற சுவிட்ச் அடிக்கடி விழுந்து தொல்லை கொடுக்கிறது என்று, யாரோ அதைத் தாண்டி நேராக வயரைக் கட்டிவிட்டிருந்தார்கள். ஃபியூஸைப் பிடுங்கியபிறகும் அந்த வழியாகக் கம்பிக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்தது. பூபதி கம்பத்தின் ஈரமான இரும்புக் குறுக்குச் சட்டத்தில் இடுப்புக் கயிற்றை மாட்டி, வயிறு அதில் பட, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தான். அவனை இறக்குவதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. செத்தவனுக்கு உறையால் ஒன்றும் செய்யமுடியாது.

சாவை முதலுதவிக் கணக்கில் எழுத வழியில்லை. அதனால் விசாரணை வந்தது. முதல் அறிக்கையை வட்ட அலுவலகத்தில் தயார் செய்து எனக்கு அனுப்பிவிட்டார்கள்: ‘பூபதி, மின்சாரம் உள்ளதா எனச் சோதிக்காமல் கம்பம் ஏறியது அவரது சொந்தக் கவனக்குறைவு.’ அது அப்படியே நின்றால் அவன் மனைவி சுகந்திக்கு வாரிசு வேலை கிடையாது. இரண்டு பெண் குழந்தைகளோடு அவள் நிறுவனத்தின் குடியிருப்பைக் காலி செய்யவேண்டும். தன் புத்திகெட்டதனத்தால் செத்தான் என்று அவன் பேரில் ஒரு தாளும் காலத்துக்கும் இருக்கும்.

நாச்சிமுத்து அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவரே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். கை பார்த்தது நான், ஏறச் சொன்னது நான், வேலையில் எரிந்து உறையில் வளர்ந்த கை இது, இதில் உணர்ச்சி இல்லை, என் கையை டாக்டரை வைத்துச் சோதித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். அதை மேலே அனுப்பினேன். அதையாவது அனுப்பினேனே என்று அப்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. வெட்கக்கேடு.

விசாரணையைக் கை எரிந்த அறுபத்தோராம் நாள் வைத்தார்கள். அதிகாரிக்கு அவசரக் கூட்டம் என்று தள்ளிவைத்தார்கள். எழுபத்தைந்தாம் நாள், அதிகாரி வீட்டில் கல்யாணம். தொண்ணூறாம் நாள், சோதிக்க டாக்டர் கிடைக்கவில்லை. அடுத்த தேதி நூற்று நான்காம் நாள் என்று கடிதம் வந்தபோதுதான் நான் விரல்விட்டு எண்ணினேன். எனக்கு முன்னால் மேலிடத்தில் யாரோ எண்ணி முடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

நாச்சிமுத்துவும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். கையை நன்றாக அசைத்தால், எண்ணெய் தேய்த்தால், சூடு காட்டினால் நரம்பு சீக்கிரம் வளரும் என்று நர்ஸ் எல்லாருக்கும் சொல்லி அனுப்புவார். இவர் அதையெல்லாம் செய்யாமல் இருந்தார். துணியால் சுற்றிக் கழுத்தில் தூளி கட்டிக்கொண்டு அலைந்தார். இடது கையால் சாப்பிடுகிறார் என்று அவர் வீட்டில் ஒரே சண்டை. கை குணமாகக்கூடாது என்று ஒரு மனுஷன் வேண்டிக்கொண்டதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

தொண்ணூற்றேழாம் நாள் மதியம் என் அறைக்கு வந்தார். கழுத்தில் தூளி இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“வந்துருச்சுங்க மேடம்” என்றார். என்ன என்று கேட்டேன். “காத்தால அடுப்புல இருந்து போசியை இறக்கப் போனனுங்க. சுட்டுதுங்க.”

சொல்லிவிட்டு அழுதார். புதுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னால் அவரைப் பார்க்கமுடியவில்லை. மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

“ஊசி குத்துனா இப்பத் தெரியுமுங்க. அதுக்குத்தானுங்க இத்தன நாளு இழுத்தாங்க. நீங்க சொன்னாப் போதுமுங்க மேடம். அன்னைக்கு ஜீப்புல கூட்டிட்டுப் போனது நீங்கதானுங்க. கை எப்படி இருந்துச்சுன்னு நீங்கதான் பாத்தீங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா ஊசியே வேண்டாமுங்க.”

“பார்க்கலாம்” என்றேன்.

அவர் போன அரை மணி நேரத்தில் வட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. செயற்பொறியாளர் மிரட்டவெல்லாம் இல்லை. உடம்பு எப்படி, பையன் எந்த வகுப்பு என்று விசாரித்தார். அப்புறம், ஒரு கொப்புளத்தைப் பொய் என்று சொன்னால் பதினான்கையும் திறக்கவேண்டி வருமே வசுமதி, பொய்ப் பதிவேட்டுக்குச் சட்டத்தில் சிறைத் தண்டனை இருக்கிறதே, யாரெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் என் கையெழுத்துதான். அன்றைக்கு எனக்கு வந்தது பயம். அதற்கு வேறு கௌரவமான பெயர் எதையும் நான் வைக்கப்போவதில்லை.

நூற்று நான்காம் நாள் காலை பத்தரை மணிக்கு விசாரணை. அதிகாரி தில்லைநாயகம் மென்மையாகப் பேசுகிறவர். எல்லாருக்கும் டீ சொன்னார். வெயிலில் வந்த சுகந்தியின் பக்கம் மின்விசிறியைத் திருப்பி வைக்கச் சொன்னார். மேசைக்கு ஒரு பக்கம் அவரும் டாக்டரும் உட்கார்ந்தார்கள். எதிர்ப்பக்கம் நாச்சிமுத்து, அவருக்குப் பக்கத்தில் சுகந்தி, ஓரத்தில் நான்.

முதலில் என்னைத்தான் கேட்டார்.

“கடந்த ஐப்பசியில் நாச்சிமுத்துவுக்குப் பணியின்போது கையில் தீக்காயம் ஏற்பட்டதா?”

நாச்சிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் சந்தேகமே இல்லை. அன்றைக்கு நான் சொன்ன ‘பார்க்கலாம்’ என்பதையே அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டிருந்தார். ‘பாத்தாச்சு’ என்று சொன்னால் நம்புகிற கூட்டம் அது.

“அப்படி எதுவும் என் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை” என்றேன்.

இத்தனை வருஷ உத்தியோகத்தில் இந்த மாதிரி வாக்கியம் வாயில் தயாராக இருக்கும். யோசிக்கவே வேண்டியதில்லை. தில்லைநாயகம் எழுதிக்கொண்டார். நாச்சிமுத்து என்மேல் இருந்த பார்வையை எடுத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த அறையில் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, வலது கையைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

டாக்டர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். புறங்கையில் ஊசியால் குத்தினார். கை அசையவில்லை. தெரிகிறதா என்று கேட்டார். இல்லீங்க என்றார் நாச்சிமுத்து. இரண்டாவது முறை ஊசி ஆழமாகப் போயிற்று. ஒரு பொட்டு ரத்தம் வந்தது. இல்லீங்க. மூன்றாவது முறை டாக்டர் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தபிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குத்தி, ஊசியை அங்கேயே ஒரு நிமிஷம் வைத்திருந்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த அறையில் நாச்சிமுத்துவின் நெற்றியில் வேர்வை இறங்கியது. கை மரக்கட்டையாகக் கிடந்தது. மின்சாரத்தைத் தொட்டு விலகியே பழகிய கை அது. அதை விலகாமல் வைத்திருக்க அவர் என்ன பாடுபட்டார் என்று என்னைத் தவிர அந்த அறையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

“இல்லீங்க. ஒண்ணும் தெரியலீங்க” என்றார்.

உணர்ச்சி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தில்லைநாயகம் அதை இரண்டு தடவை படித்தார். அவர் எதிர்பார்த்தது இது இல்லை என்று தெரிந்தது. ஆனால் கெட்டிக்காரர். நாச்சிமுத்துவிடம் சர்க்கரை உண்டா என்று கேட்டார். கொஞ்சம் உண்டு, மாத்திரை போடுகிறேன் என்றார் இவர். ஐம்பது வயதுக்கு மேல் யாருக்குத்தான் இல்லை?

அரை மணி நேரத்தில் புது அறிக்கை தயாராகிவிட்டது. பூபதிமேல் குற்றமில்லை, வாரிசுக்கு வேலை வழங்கலாம். நாச்சிமுத்துவுக்குச் சர்க்கரை நோயால் கை மரத்துப்போயிருக்கிறது. அதை நிர்வாகத்திடம் மறைத்து, தெரிந்தே அந்தக் கையால் சோதித்து, சக ஊழியரை ஏறச் சொன்னார். அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து, போலீஸில் புகார் கொடுக்கவேண்டியது. பணியின்போது காயம் ஏற்பட்டதற்கு ஆதாரம் இல்லை. எங்கள் வட்டத்தில் அந்த வருஷமும் கடுங்காயம் எதுவும் நடக்கவில்லை.

பணிநீக்க உத்தரவைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது பிரிவுப் பொறியாளரின் வேலை. தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அலுவலகத்துக்குப் பக்கவாட்டில் இருக்கிற குழாயில் நாச்சிமுத்து கையைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் லேசான சிவப்பில் ஓடியது. சுகந்தி குழாயை அவருக்குத் திருகிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் புருஷனை ஏறச் சொன்னவர் அவர்தான் என்று அவளுக்குத் தெரியும். பூபதி செத்ததிலிருந்து, கிட்டத்தட்ட இரண்டு மாதமாக அவள் அவரோடு பேசவில்லை.

“வலிச்சுதுங்களாண்ணா?” என்று கேட்டாள்.

அவர் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

“வலிச்சுது அம்மிணி. மூணு தடவையும் வலிச்சுது.”

“எனக்குத் தெரியுமுங்க. பக்கத்துலதான உக்காந்திருந்தேன். மேசைக்கடியில உங்க காலு நடுங்கிட்டே இருந்துச்சு.” குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டாள். “அவருக்கும் இப்படித்தான வலிச்சிருக்கும்.”

குழாயை மூடிவிட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்தாள். கையில் இருந்த தாளையும் பார்த்தாள்.

“அண்ணன் கை எரிஞ்சது உங்களுக்குத் தெரியுமுங்களா மேடம்?” என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. அடுத்த வாரம் என் கீழ்தான் அவள் வேலைக்குச் சேரவேண்டும்.

நான் நாச்சிமுத்துவிடம் தாளை நீட்டினேன். எந்த இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று விரலால் காட்டினேன். அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, என் பேனாவை வாங்கி, அந்த வலது கையாலேயே போட்டுக் கொடுத்தார்.